கைக்கேற்ற பிடி

சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள், பார்சல் கொண்டு வரும் பையன் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு பெட்டியை வைத்துவிட்டுப் போனான். பெங்களூரிலிருந்து என் மகள் அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஒரு சாமான் இருந்தது. ஒரு பக்கம் சரிந்துபோன கொழுக்கட்டையைப் போல் இருந்தது அது.

அப்போது எதிர்வீட்டுக்காரரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மக்காச்சோள மண்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க சார் இது, இஸ்திரிப் பெட்டி போட்ட குட்டியா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு மௌஸ்" என்றேன்.

"மௌஸுன்னா சப்பையா இல்ல இருக்கும்? என் பேரன் வெச்சிருக்கானே?"

"இது நிமிர்ந்து நிற்கிற மௌஸ். மணிக்கட்டு நோகாமல் இருப்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்களாம்."

"வெலை?"

நான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

"ரெண்டாயிரமா? மணிக்கட்டுக்கா?" என்று அவர் சொல்லிவிட்டுத் தம்முடைய மணிக்கட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷம் மூட்டை புரட்டிய மணிக்கட்டு அது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மௌஸைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

உழைத்துத் தேய்ந்த கைகள் நிறைந்த ஊர் எங்கள் சின்னசேலம். கரும்பு வெட்டும் கை, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கை, சோளக்கதிர் ஒடிக்கும் கை. இத்தனை கைகளுக்கு நடுவே, உட்கார்ந்த இடத்தில் கதை எழுதுகிறவன் ஒருவன் மணிக்கட்டு நோகிறது என்று சொல்லிக்கொள்ளலாமா? ஆனால், சொல்லிக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் நோவு நோவுதானே!

முப்பது வருஷம் பேனாவால் எழுதியவன் நான். பிறகு காலத்தோடு ஒட்டி ஓடவேண்டும் என்று கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை ஒன்று உண்டு. அதைப் பழகினேன். அடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அடித்ததைத் திருத்துவதுதான் கஷ்டம். ஒரு சொல்லை எடுத்து வேறிடத்தில் வைப்பது, ஒரு பத்தியை மேலே கொண்டு போவது, போதாது என்று மறுபடியும் கீழே கொண்டு வருவது. எல்லாம் மௌஸ் வேலை. என்னைப் போல் தீர்மானம் இல்லாத எழுத்தாளனுக்கு அந்த வேலைக்கு முடிவே கிடையாது.

சென்ற வருஷச் சித்திரையில், நடு ராத்திரியில் கை மரத்து விழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் எறும்பு ஊருவது போல் குறுகுறுக்கும். சுண்டு விரலுக்கு மட்டும் ஒன்றும் இராது. கையை நாலு தரம் உதறினால் சரியாகிவிடும். இதைத் தவிர முன்கையிலும் முழங்கைப் பக்கத்திலும் ஒரு வலி.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார். நிமிஷம் முடிவதற்குள்ளேயே மூன்று விரல்களும் மரத்துவிட்டன. அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அமைந்திருக்கின்றன. அந்த வளைவின்மேல் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சந்தில் விரல்களை மடக்கும் ஒன்பது தசை நாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. சந்துக்குள் கொஞ்சம் வீக்கம் வந்தாலும், மணிக்கட்டு வளைந்தே இருந்தாலும், முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். கட்டை விரல் முதல் மோதிர விரலில் பாதி வரைக்கும் உணர்ச்சி அதன் வழியாக வருகிறது. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. அதனால்தான் அது தப்பித்துக்கொள்கிறது.

"இது ஆரம்பம்தான். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்று கட்டிக்கொண்டு தூங்குங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடலாம். மேஜையைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்றார் டாக்டர்.

இதை மகளிடம் போனில் சொன்னேன். அதன் பலன்தான் அந்தக் கறுப்புக் கொழுக்கட்டை.

புரட்டாசி முழுவதும் அது அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஒரு நாள் பழைய மௌஸ் கெட்டுப் போயிற்று. வேறு வழியில்லாமல் அதை எடுத்து மாட்டினேன். முதல் இரண்டு நாள் அது நான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போயிற்று. பத்து நாளில் முன்கை வலி பாதி குறைந்துவிட்டது.

காரணத்தை யோசித்துப் பார்த்தால் மிகவும் எளிமையானது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காபி டம்ளரை எப்படிப் பிடிக்கிறீர்கள்? கட்டை விரல் மேல் பக்கமாக, உள்ளங்கை பக்கவாட்டில். முன்கையிலுள்ள இரண்டு எலும்புகளும் அப்போது ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிம்மதியாக இருக்கின்றன. இப்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்துப் பாருங்கள். ஓர் எலும்பு மற்றதன்மேல் குறுக்காகப் புரண்டுவிடுகிறது. சாதாரண மௌஸ் நம்மை நாள் முழுவதும் அப்படி முறுக்கிய கையோடு உட்கார வைக்கிறது. நிமிர்ந்த மௌஸ் டம்ளர் பிடிக்கும் கையாகவே விட்டுவிடுகிறது.

மௌஸைக் கண்டுபிடித்தவர்கள் கையை மறந்துவிட்டார்கள் என்று குற்றம் சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவர் யோசித்த யோசனை அது. அவரோடு இருந்த பில் இங்கிலிஷ் என்பவர் 1964-ல் அதற்கு உருவம் கொடுத்தார். முதல் மௌஸ் ஒரு மரப் பெட்டி! அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான், வால் மாதிரி ஒரு கம்பி. 1968 டிசம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய சபைக்கு முன்னால் எங்கல்பர்ட் சுமார் ஒன்றரை மணி நேரம் அதை இயக்கிக் காட்டினார். மனிதன் அறிவோடு சிக்கலான பிரச்னைகளைத் தீர்ப்பதற்கு யந்திரம் உதவவேண்டும் என்பது அவருடைய கனவு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வருஷக் கணக்கில், கூலிக்காக ஒருவர் அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே இருப்பார் என்று அந்தச் சபையில் யார் நினைத்திருப்பார்கள்?

ஆனால் கூலிக்கு எழுதும் கையின் நோவு புதிதல்ல. பெர்னார்டினோ ராமஸ்ஸீனி என்ற இத்தாலிய வைத்தியர் தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு நூல் எழுதினார். 1713-ல் அதை விரித்து வெளியிட்டபோது, எழுத்தர்களையும் சேர்த்தார். அவர்களுக்கு நோய் வருவதற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, தவறு வந்துவிடக் கூடாதே என்ற மனக் கவலை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய இந்த மூன்றில் எது இன்றைக்கு இல்லை?

மௌஸ் பழகிய அந்த நாட்களில், சின்ன வயதில் பார்த்த ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. என் தாயார் களைக்கொத்துக்குப் பிடி போடுவதற்காக எங்கள் தெரு ஆசாரியிடம் போவாள். ஆசாரி கட்டையை எடுக்கமாட்டார். முதலில், "கையைக் காட்டும்மா" என்பார். அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். அவர் தொடமாட்டார், தூர இருந்தே ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் இழைப்புளி நகரும். அப்பாவின் மண்வெட்டிப் பிடி அம்மாவுக்கு உதவாது. அம்மாவின் களைக்கொத்து அத்தைக்கு உதவாது. இரவல் வாங்கிய அரிவாளால் கதிர் அறுத்தால் கை கொப்புளித்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். மணிக்கட்டுக்குச் சுகம் என்று அதை யாரும் சொல்லவில்லை. வேலை நடக்கவேண்டுமானால் பிடி கைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதை நினைத்துக்கொண்ட பிறகு எதிர்வீட்டுக்காரர் முன்னால் எனக்கிருந்த வெட்கம் போய்விட்டது. வெட்கம் போன இடத்தில் கொஞ்சம் கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கர்வத்தின் கதையைத்தான் இனிமேல் சொல்லவேண்டும்.

பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. நான் எழுதியதைத் தாளில் அச்செடுக்க அங்கேதான் போவேன். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவள். தமிழ் டைப்ரைட்டிங் உயர்நிலைப் பரீட்சை தேறியவள். அவள் கை ஓடுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மலை ஜனங்கள் பட்டா கேட்டுக் கொடுக்கும் மனு, ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பையன்களின் பரீட்சை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 2019-ல் எங்கள் மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது, ஒரு மாதம் வரைக்கும் பழைய பழக்கத்தில் "விழுப்புரம் மாவட்டம்" என்றே அடித்துப் பிறகு திருத்தினதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

ஐப்பசியில் ஒரு நாள் நான் போனபோது அவள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையை உதறினாள். நாலு உதறு. எனக்குத் தெரிந்த உதறல்!

"சுண்டு விரல் மட்டும் மரக்காது, இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் திகைத்துப் போனாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்? ராத்திரியிலதான் ரொம்ப. தூக்கமே இல்ல சார்."

நான் வைத்தியனாகிவிட்டேன்! வீட்டுக்குப் போய் நிமிர்ந்த மௌஸைக் கொண்டு வந்து அவளிடம் கொடுத்தேன். காபி டம்ளர் கதையைச் சொன்னேன். களைக்கொத்துக் கதையையும் சொன்னேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். பெருமையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் விசாரித்தேன். "கை வலி கொறஞ்சிருக்கு சார்" என்றாள். எனக்குப் பரம திருப்தி. மார்கழியில் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது டீக்கடைப் பையன் கொண்டுவந்த டம்ளரை அவள் வாங்கினாள். வாங்கின டம்ளர் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. மேஜைமேல் இருந்த மனுக்களெல்லாம் நனைந்தன. அவள் துடைத்துக்கொண்டே, "அடிக்கடி இப்படித்தான் சார் ஆவுது. கட்டை விரல்ல பிடிப்பே இல்ல" என்றாள்.

"ராத்திரி மரப்பது?"

"அது அப்படியேதான் இருக்கு. நீங்க இவ்வளவு வெலையில ஒரு சாமானைக் கொடுத்திட்டு ஆசையாக் கேக்கறீங்க. எப்படி சார் இல்லன்னு சொல்றது?"

ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் இரண்டு மாதம்! என்னுடைய பரிசு அவளை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. பெரியவர் கொடுத்திருக்கிறார், குணமாகத்தானே வேண்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். அந்த நரம்பு நெடுநாள் நசுங்கியே இருந்தால் கட்டை விரலின் அடியிலுள்ள சதை வற்றிப்போகும். வற்றினால் மீண்டும் வருவது கடினம் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். களைக்கொத்துக் கதையை அவ்வளவு நீளமாகச் சொன்னவன், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் சில ஆராய்ச்சியாளர்கள் இந்த நோய் உள்ளவர்களின் மணிக்கட்டுச் சந்துக்குள் இருக்கும் அழுத்தத்தையே அளந்து பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். நிமிர்ந்த மௌஸைப் பிடிக்கும்போது மணிக்கட்டின் கோணல் குறைகிறது. ஆனால் சந்துக்குள் அழுத்தம் குறையவில்லை. டென்மார்க்கில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் சுமார் ஏழாயிரம் பேரைப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைச் சொல்கிறது. வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் மௌஸ் பிடித்தவர்களுக்கு விரல் குறுகுறுப்பு அதிகமாகத்தான் இருந்ததாம். ஆனாலும் இந்த நோய்க்குக் கம்ப்யூட்டர் வேலை பெரிய காரணம் என்று அவர்களுக்குப் படவில்லை. அதாவது, மௌஸைத் திட்டுவதும் மௌஸை நம்பியிருப்பதும் இரண்டும் ஒரே தவறுதான். உடம்புக்குள் வேறு காரணம் இருக்கலாம். அதை மௌஸ் கண்டுபிடிக்காது.

மறுநாள் அவளைக் கள்ளக்குறிச்சி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று தயங்கினாள். கடைக்காரரிடம் பேசினேன். அவர் கெட்டவர் அல்ல; வாடகையும் கரண்டும் போக அவருக்கே மிஞ்சுவது கொஞ்சம். இருந்தாலும் சம்மதித்தார். இரத்தம் சோதித்ததில் அவளுக்குத் தைராய்டு சுரப்பு மிகவும் குறைவாக இருப்பது தெரிந்தது. அந்தச் சுரப்பு குறைந்தால் உடம்பின் திசுக்கள் நீர் கோத்துச் சற்று வீங்குகின்றன. ஏற்கெனவே குறுகலான சந்து. நரம்பு என்ன செய்யும்? மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரிக்குப் பட்டை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் அந்த நார்ப்பட்டையை அறுத்துவிடச் சின்ன ஆப்பரேஷன் இருக்கிறது, பயப்படவேண்டாம் என்றார்களாம்.

மேஜையைப் பார்க்கச் சொன்ன டாக்டரின் பேச்சும் எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்குப் போய் இந்தத் தடவை என் வாயை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பழைய மருந்துக்கடை மேஜை அது. நின்றுகொண்டு வேலை செய்வதற்குச் செய்தது. விசைப்பலகை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. மௌஸ் அதற்கும் மேலே, டெலிவிஷன் மாதிரியான பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில். நாள் முழுவதும் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி அவள் அடித்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் என் இரண்டாயிரம் ரூபாய்க் கொழுக்கட்டை சிங்காசனத்தில் வீற்றிருப்பது போல் வீற்றிருந்தது!

எங்கள் தெரு ஆசாரியின் மகன் இப்போது கதவு ஜன்னல் வேலை செய்கிறார். அழைத்து வந்தேன். அவர் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால், "ஒக்காந்து கையைக் காட்டும்மா" என்றார். என்னையறியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, கையை நீட்டினாள். அவர் தூர நின்று பார்த்தார். பிறகு மேஜையின் முன்பக்கத்தில், அவள் முழங்கை உயரத்துக்கு, ஓர் அடி கீழே ஒரு பலகை அடித்தார். விசைப்பலகையும் மௌஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பலகைக்கும் ஆணிக்கும் சேர்த்து, மௌஸ் விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. பழைய டைப்ரைட்டர் யந்திரத்தில் வரி முடிந்தால் கையை எடுத்துத் தள்ளவேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, புதுத் தாளைச் செருகவேண்டும். அது நமக்குத் தொல்லையாக இருந்தது. கைக்கு அதுதான் இளைப்பாறல். கம்ப்யூட்டர் அந்தத் தொல்லைகளையெல்லாம் போக்கிவிட்டது. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவள் தானாக எழுந்திருப்பாளா? எழுந்தால் நஷ்டம் அவளுக்கு. மௌஸால் செய்ய முடியாத காரியம் இது. ஆசாரியாலும் முடியாது. கடைக்காரர் ஒருவரால்தான் முடியும். அவரிடம் பேசிப் பார்த்தேன். பங்குனியிலிருந்து பக்கக் கூலியோடு மாதத்துக்கு ஒரு நிலையான தொகையும் தருகிறார். சிறிய தொகைதான். அதை நம்பி அவள் ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து வாசல் வரைக்கும் போய், விருத்தாசலம் பஸ்ஸையும் சேலம் பஸ்ஸையும் பார்த்துவிட்டு வருகிறாள்.

சித்திரையில் ராத்திரி மரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆப்பரேஷனுக்கு அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டை விரலுக்குப் பழைய பிடிப்பு முழுவதும் வரவில்லை. மெல்ல மெல்ல வரும் என்கிறார்கள். வராமல் போனால் அதில் இரண்டு மாதக் கணக்கு என்னுடையது.

மௌஸை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். "நல்ல சாமான்தான் சார். ஆனா எனக்குக் கொஞ்சம் பெரிசு. விரல் எட்ட மாட்டேங்குது" என்றாள். என் உள்ளங்கைக்கு என்று என் மகள் பார்த்து வாங்கினது அது! இரவல் அரிவாளைப் பற்றி அவளுக்கு நான் போதித்திருந்தேன் அல்லவா? என் கையில் இருந்ததே இரவல் அரிவாள்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அது என் மேஜையில் இருக்கிறது. முன்கை வலி எனக்கு வருவதில்லை. எதிர்வீட்டுக்காரரும் சென்ற வாரம் வந்து, தமக்கு ராத்திரியில் விரல் மரப்பதாகவும், அந்தக் குட்டி இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தால் சரியாகுமா என்றும் கேட்டார்.

"முதலில் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன்.